வெள்ளம் புகுமுன் படிக்க வேண்டிய நான்கு வரிகள்

வீட்டுக்கும் வணிகத்துக்கும் காப்பீடு: ஒரு விளக்கம்

2020 அக்டோபர் 13ஆம் நாள் பெய்த பெருமழையை ஐதராபாத் நகரம் எளிதில் மறக்காது. பேகம்பேட்டையில் ஒரே நாளில் 19 செ.மீ. மழை பதிவாயிற்று. நகரின் கிழக்கே உள்ள கட்கேசர் வட்டாரத்தில் அது 30 செ.மீ.யைத் தாண்டியது. டோலிசௌக்கியின் நதீம் காலனியில் தெருக்களில் படகுகள் ஓடின. சில நாள்களுக்குப் பின் பாலாப்பூர் அருகே குர்ரம் செருவு என்னும் ஏரியின் கரை உடைந்து, பழைய நகரின் ஹாபிஸ் பாபா நகருக்குள் வெள்ளம் புகுந்தது.

தெலங்கானா அரசு விரைந்து நிவாரணம் அறிவித்தது. நீர் புகுந்த வீட்டுக்கு 10,000 ரூபாய். பகுதியளவில் சேதமடைந்த வீட்டுக்கு 50,000 ரூபாய். முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். இதற்கென 550 கோடி ரூபாய் விடுவிக்கப்பட்டது. துயருற்ற நேரத்தில் இத்தகைய உதவி பெரிது, ஐயமில்லை. ஆயினும் கட்டில், மெத்தை, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் அனைத்தும் நீரில் மூழ்கிய ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய் எத்தனை தூரம் உதவும்? கிடங்கு முழுவதும் நனைந்துபோன வணிகருக்கு எவ்வளவு ஈடு செய்யும்? நிவாரணம் பசியாற்றும், இழந்ததை மீட்டுத் தருவது அதன் நோக்கமன்று. அந்தப் பணிக்கென்று உள்ள ஏற்பாடுதான் காப்பீடு.

இவ்வேற்பாட்டைப் பற்றி நம் வாடிக்கையாளர்களிடையே இரு வகையான எண்ணங்கள் நிலவக் காண்கிறோம். 'வெள்ளத்துக்கு யார் காப்பீடு தருவார்கள்?' என்பது ஒன்று. 'கடன் வாங்கும்போதே வங்கி ஏதோ காப்பீடு எடுத்துவிட்டது; எல்லாம் அதில் அடங்கும்' என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. வெள்ளத்துக்குக் காப்பீடு உண்டு. பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது உரிய வேளையில் பயன் தருமா என்பதைப் பாலிசியில் உள்ள நான்கு வரிகள் தீர்மானிக்கின்றன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றங்கரையில் இல்லாதவருக்கும் அபாயம் உண்டு

ஐதராபாத் வரலாற்றில் வெள்ளம் புதியதன்று. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆறு பெருக்கெடுத்தபோது ஏறத்தாழ 15,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. அப்சல்கஞ்சில், இன்று உஸ்மானியா மருத்துவமனை அமைந்துள்ள இடத்தில் நின்ற ஒரு புளியமரத்தின் மீதேறி நூற்றைம்பது பேர் அளவில் உயிர் தப்பினர். அந்தப் பேரழிவுக்குப் பிறகே நிஜாம் அரசு பொறியாளர் மோ. விசுவேசுவரய்யாவை அழைத்தது. அவருடைய திட்டத்தின் பயனாக மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. முன்னது 1920இலும் பின்னது 1927இலும் நிறைவுற்றன.

இரு நீர்த்தேக்கங்களும் ஆற்று வெள்ளத்தைப் பெரிதும் அடக்கின. ஆனால் நகருக்குள்ளேயே கொட்டும் மழையை அவை என்ன செய்ய இயலும்? 2000 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒரே நாளில் 24 செ.மீ. மழை பெய்தபோதும், 2020இலும், நீர் சூழ்ந்த பகுதிகள் பல ஆற்றங்கரையில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் நிரம்பி வழிந்து ஓடும் நிலம் இது. அந்த ஓடைகளும் நாலாக்களும் குறுகிய இடங்களில் குடியிருப்புகள் எழுந்துள்ளன. ஏரியும் ஆறும் கண்ணுக்கு எட்டாத தெருவிலும் இடுப்பளவு நீர் நிற்கக் காரணம் இதுவே. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைக் கண்ட சென்னை வாசகர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை இதில் ஒரு நற்செய்தி உண்டு. பாலிசியில் 'வெள்ளம்' என்னும் சொல்லோடு 'நீர்ப்பெருக்கால் மூழ்குதல்' என்பதும் சேர்ந்தே குறிக்கப்பட்டிருக்கும். ஆறு கரை புரண்டதா, ஏரி உடைந்ததா, வடிகால் கொள்ளாமல் தெருநீர் உள்ளே வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து பெருகி வந்த நீரால் சேதம் ஏற்பட்டது என்பதே முக்கியம். சுவரில் மாதக்கணக்கில் ஊறும் கசிவும், பராமரிப்பின்மையால் விளையும் ஈரமும் வெள்ளச் சேதமாகக் கருதப்படா.

தீக் காப்பீட்டுக்குள் வெள்ளம்

'வெள்ளக் காப்பீடு' என்ற பெயரில் தனிப் பாலிசியைத் தேடுவோர் ஏமாறுவர். நம் நாட்டில் வெள்ளத்துக்கான பாதுகாப்பு, தீக் காப்பீட்டு வகையைச் சேர்ந்த பாலிசிகளுக்குள் அடங்கியுள்ளது. புயல், சூறாவளி, வெள்ளம், நீர்ப்பெருக்கு ஆகியவை அதில் ஒரு தொகுதி.

வெளிநாட்டில் வாழும் உறவினர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டா. அமெரிக்காவில் பொதுவான வீட்டுப் பாலிசிகளில் வெள்ளம் சேராது. அதற்கென 1968இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். அது நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் காத்திருக்கவும் வேண்டும். பிரிட்டனில் வீட்டுப் பாலிசியில் வெள்ளம் அடங்குவதே வழக்கம். அபாயப் பகுதிகளில் பிரீமியம் கட்டுக்குள் இருக்க 2016 முதல் 'ஃப்ளட் ரீ' என்னும் பொது ஏற்பாடு அங்கே இயங்குகிறது. இவ்வகையில் நம் முறை பிரிட்டனுக்கு நெருக்கமானது.

நம் நாட்டில் 2021 ஏப்ரல் 1 முதல் மூன்று பொதுப் பாலிசிகள் நடைமுறையில் உள்ளன. இவற்றை வகுத்தது காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். அதன் தலைமையகம் ஐதராபாத்திலேயே உள்ளது. தீக் காப்பீட்டை நடத்தும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் இவற்றை ஒரே வகையான அடிப்படை விதிகளுடன் வழங்குகின்றன.

1. பாரத் கிருஹ ரக்ஷா: வீடுகளுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும்.

2. பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா: ஓரிடத்தில் உள்ள மொத்தச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில், வணிகங்களுக்கு.

3. பாரத் லகு உத்யம் சுரக்ஷா: அம்மதிப்பு 5 கோடிக்கு மேல் 50 கோடி ரூபாய் வரை உள்ளவற்றுக்கு.

இம்மூன்றிலும் வெள்ளம் உள்ளடங்கியதே. இவற்றுக்கு முன்பிருந்த பழைய தீக் காப்பீட்டில் புயல், வெள்ளப் பகுதியை விலக்கிவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள இடமிருந்தது. 50 கோடிக்கு மேற்பட்ட பெரிய நிறுவனங்கள் அவ்வகைப் பாலிசியை இன்றும் எடுக்கின்றன. சிறு சேமிப்பு கருதி வெள்ளத்தை விலக்கியிருக்கிறார்களா என்பதை அவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு: நிலத்தின் விலை வேறு, கட்டடத்தின் செலவு வேறு

வீட்டுக் காப்பீடு என்றதும் பலர் தயங்குவதற்குக் காரணம், வீட்டின் சந்தை விலை முழுவதற்கும் பிரீமியம் கட்ட வேண்டும் என்ற எண்ணம். அது தேவையில்லை. வெள்ளம் நிலத்தைக் கொண்டுபோவதில்லை. கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவே காப்பீட்டுத் தொகை. வீட்டின் உட்பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்கினால் அது கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 75 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய அடுக்கக வீட்டின் உட்பரப்பு 90 சதுர மீட்டர் என்று கொள்வோம். அவ்வகைக் கட்டடத்துக்குச் சதுர மீட்டருக்கு 25,000 ரூபாய் செலவாகும் எனில், காப்பீட்டுத் தொகை 22.5 லட்சம் ரூபாய். பிரீமியம் இத்தொகைக்கே, 75 லட்சத்துக்கன்று.

கிருஹ ரக்ஷா பாலிசியில் வாசகர் அறிய வேண்டிய சில வசதிகள் உண்டு.

• கட்டடத்துக்கு எடுக்கும் தொகையில் 20 சதவீதம் வரை, அதிக அளவாக 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுப் பொருள்களுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். தனித்தனியே பட்டியல் தர வேண்டியதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது 4.5 லட்சம் ரூபாய். அதைவிட மதிப்புள்ள பொருள்கள் இருப்பின் விவரம் தந்து தொகையை உயர்த்திக்கொள்ளலாம்.

• காப்பீட்டுத் தொகை உண்மை மதிப்பைவிடக் குறைவாக இருந்தாலும், இழப்பீடு விகிதப்படி வெட்டப்படாது. எடுத்த தொகையின் வரம்புக்குள் இழப்பு முழுமையாகக் கணக்கிடப்படும். வீட்டுக்கு மட்டும் உரிய சலுகை இது.

• பத்தாண்டு வரை ஒரே தவணையில் பாலிசி எடுக்கலாம். நெடுங்காலப் பாலிசியில் கட்டடத்துக்கான தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானே உயரும்.

• நகைகள், கலைப்பொருள்கள் போன்றவை இயல்பாக அடங்கா. அவற்றுக்கு மதிப்பீட்டுடன் கூடிய கூடுதல் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரொக்கம், பத்திரங்கள், ஆவணங்கள், வாகனங்கள் இப்பாலிசியின் கீழ் வாரா.

வாடகைக்குக் குடியிருப்போர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டு உரிமையாளரின் பாலிசி குடியிருப்பவரின் பொருளைக் காக்காது. அதுபோலவே, அடுக்ககச் சங்கம் கட்டடம் முழுவதற்கும் ஒரே பாலிசி எடுத்திருந்தால், நம் வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கு நாம்தான் தனியே எடுக்க வேண்டும்.

இங்கே வீட்டுக்கடன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. 'கடன் வாங்கும்போதே காப்பீடு எடுத்தாயிற்று' என்று நீங்கள் எண்ணியிருக்கும் பாலிசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பல வேளைகளில் அது கடன்தாரரின் ஆயுள் மீதான காப்பீடாக இருக்கும். கடன்தாரர் இறந்தால் நிலுவையை அது தீர்க்கும். வீட்டில் வெள்ளம் புகுந்தால் அதனால் பயனில்லை. சொத்துக்கான காப்பீடு வேறு, உயிருக்கான காப்பீடு வேறு. இரண்டும் ஒரே நாளில் கையெழுத்தானதால் ஒன்றாகிவிடா.

வணிகத்துக்கு: குறைத்து எடுத்தால் இழப்பீடும் குறையும்

வீட்டுக்கு உள்ள சலுகை வணிகத்துக்கு அதே அளவில் இல்லை. இதை அறியாமையால் இழப்பீட்டில் பெரும்பகுதியை இழக்கும் நிலை வணிகர்களுக்கு நேர்கிறது. எனவே இப்பகுதியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு துணி மொத்த வணிகரை எடுத்துக்கொள்வோம். அவர் கேஷ் கிரெடிட் கணக்கில் 24 லட்சம் ரூபாய் கடன் வரம்பு பெற்றுள்ளார். காப்பீடும் அதே 24 லட்சத்துக்கு எடுத்துள்ளார். 'வங்கிக் கடனுக்குத்தானே காப்பீடு' என்பது அவர் எண்ணம். தசரா, தீபாவளியை முன்னிட்டுக் கிடங்கில் 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு சேர்கிறது. மழைநீர் புகுந்து 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு அழிகிறது. பாலிசித் தொகை 24 லட்சம். இழப்போ 10 லட்சம். ஆகவே முழுதும் கிடைக்கும் என்று அவர் எண்ணுவது இயல்பே.

ஆனால் கணக்கு வேறு. சரக்கின் மதிப்பு 40 லட்சமாக இருக்க, 24 லட்சத்துக்கு மட்டுமே, அதாவது 60 சதவீதத்துக்கே அவர் பாதுகாப்பு எடுத்துள்ளார். எஞ்சிய 40 சதவீத அபாயத்தை அவரே ஏற்றுக்கொண்டதாகக் காப்பீட்டு விதி கருதும். ஆகவே 10 லட்சம் இழப்பில் 60 சதவீதமான 6 லட்சமே கணக்கில் வரும். அதிலும் பாலிசிதாரர் தாமே ஏற்க வேண்டிய சிறு தொகை கழியும். இதனை விகிதக் கழிவு என்பர்.

சூக்ஷ்ம, லகு பாலிசிகளில் ஒரு தளர்வு உண்டு. குறைவு 15 சதவீதத்துக்கு உட்பட்டிருந்தால் இந்தக் கழிவு செய்யப்படாது. அதே வணிகர் 36 லட்சத்துக்கு எடுத்திருந்தால் குறைவு 10 சதவீதமே. 10 லட்சம் இழப்பும் முழுமையாகக் கணக்கில் வந்திருக்கும். 12 லட்சம் ரூபாய்க்கான கூடுதல் பிரீமியத்தையும், கைவிட்டுப்போன 4 லட்சம் ரூபாயையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

2020இல் வெள்ளம் வந்தது தசராவுக்கு ஏறத்தாழ இரு வாரம் முன்பு என்பதை நினைவிற் கொள்க. சரக்கு மிகுதியாகும் காலமும் மழை மிகுதியாகும் காலமும் நம் நாட்டில் ஒன்றையொன்று தொட்டே வருகின்றன. ஆகவே ஆண்டின் சராசரிச் சரக்கைக் கருதாமல், உச்சக் காலச் சரக்கைக் கருதியே தொகையைத் தீர்மானிக்க வேண்டும். சரக்கு ஏற்ற இறக்கம் மிகுதியாக உள்ளவர்கள், அவ்வப்போதைய மதிப்பை அறிவிக்கும் வகைப் பாலிசி பற்றிக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய மேலும் நான்கு செய்திகள்:

முகவரி. பாலிசியில் குறித்த இடத்தில் உள்ள சரக்குக்கே பாதுகாப்பு. கடை பேகம் பஜாரிலும் புதிதாக எடுத்த கிடங்கு வேறு தெருவிலும் இருந்து, பாலிசியில் கடை முகவரி மட்டுமே இருப்பின், கிடங்குச் சரக்குக்குக் கோர இயலாது. இடம் மாறிய அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பல இடங்களில் சரக்கு வைப்போர், எல்லா இடங்களையும் ஒரே தொகையில் அடக்கும் வகையைத் தேர்ந்தெடுக்கலாம்.

தரைக்குக் கீழ்த் தளம். ஐதராபாத்தில் செல்லார் என்று வழங்கும் கீழ்த்தளத்தில் சரக்கு வைப்பது பரவலான வழக்கம். நீர் முதலில் நிறைவதும் அங்குதான். அங்கே சரக்கு இருப்பதை முன்மொழிவுப் படிவத்திலேயே தெரிவிக்க வேண்டும். சரக்கைத் தரையில் வைக்காமல் பலகை மீது உயர்த்தி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சில நிறுவனங்கள் சேர்ப்பதுண்டு. நிபந்தனை இருக்கிறதோ இல்லையோ, உயர்த்தி வைப்பது நமக்கே நன்று.

வருமான இழப்பு. நனைந்த சரக்குக்கும் பழுதான இயந்திரத்துக்கும் இழப்பீடு உண்டு. கடை ஒரு மாதம் மூடிக்கிடந்ததால் இழந்த இலாபத்துக்கும், அம்மாதத்தில் கொடுத்த சம்பளத்துக்கும் இதில் இடமில்லை. அதற்குத் தொழில் முடக்க இழப்புக் காப்பீடு தனியே உள்ளது.

வங்கியின் பெயர். ஈட்டுக்கடன் பெற்றவர்களின் பாலிசியில் வங்கியின் பெயரும் சேர்க்கப்படும். இழப்பீட்டுத் தொகை வங்கி வழியாகவே வரும். வங்கி தன் நலத்தை மட்டும் பார்க்கிறது என்று சிலர் இதனைக் குறைகூறுவர். கடனுக்கு ஈடாக நின்ற சரக்கு அழிந்தபின் அதற்கு மாற்றாக வரும் பணம் அது என்பதால் இந்த விதி. எனினும் காப்பீடு கடன் தொகைக்கு மட்டும் என்று இதற்குப் பொருளன்று. சரக்கின் முழு மதிப்புக்கும் காப்பீடு செய்யுமாறு வங்கிகள் வலியுறுத்துவதன் காரணத்தை மேற்கண்ட எடுத்துக்காட்டே காட்டும். எந்த நிறுவனத்திடம் பாலிசி எடுப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை. வங்கிக் கிளையில் கிடைக்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த நான்கு வரிகள்

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால், பாலிசி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை நான்கு:

1. எது? கட்டடமா, பொருளா, சரக்கா, இயந்திரமா? வெள்ளம் விலக்கப்படாமல் உள்ளதா?

2. எங்கே? சொத்து இப்போது இருக்கும் முகவரி, தளம், கதவு எண் சரியாக உள்ளனவா?

3. எவ்வளவு? வீட்டுக்குக் கட்டுமானச் செலவு, கடைக்கு உச்சக் காலச் சரக்கு மதிப்பு. தொகை அதற்கு ஈடாக உள்ளதா?

4. எதுவரை? பாலிசி முடியும் நாள் எது? முடிந்த மறுநாள் பெய்யும் மழைக்குப் பாலிசி பொறுப்பேற்காது.

கைப்பேசியின் நாள்காட்டியில் புதுப்பிக்கும் நாளை ஒரு மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பின் ஓடிச்சென்று பாலிசி எடுக்க முயல்வது பயன் தருவதில்லை. அவ்வேளையில் நிறுவனங்கள் புதிய பொறுப்பை ஏற்கத் தயங்கும்.

நீர் புகுந்த நாளில்

முதலில் உயிர், பிறகு பொருள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்க. அதன்பின்:

• காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவித்துக் கோரிக்கை எண்ணைப் பெறுக. கடன் கணக்கு இருப்பின் வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க.

• நீர் நின்ற உயரம் தெரியுமாறு சுவர், அலமாரி, சரக்கு, இயந்திரம் அனைத்தையும் படமும் காணொளியும் எடுக்க. சுவரில் நீர்க்கோடு அழியுமுன் எடுத்த ஒரு படம் பல வினாக்களுக்கு விடை தரும்.

• சர்வேயர் பார்வையிடும் வரை சேதமான பொருளை எறிந்துவிட வேண்டா. அதே வேளையில் சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை. நனையாத சரக்கை நனைந்ததிலிருந்து பிரித்து வைக்க. அழுகி நோய் பரப்பும் பொருளை அகற்றியே தீர வேண்டுமெனில், நிறுவனத்துக்குத் தெரிவித்து, படம் எடுத்து, பட்டியலிட்ட பின் அகற்றுக.

• நனைந்த மின்கருவிகளை உலர்த்திச் சோதிக்குமுன் இயக்க வேண்டா. நீர் பட்ட பின் இயக்கியதால் விளைந்த பழுது எனில் வாதம் எழும்.

• கொள்முதல் பில்கள், ஜிஎஸ்டி கணக்கு, சரக்கு இருப்பு அறிக்கை ஆகியவற்றைத் திரட்டுக.

கடைசிக் குறிப்பைப் பற்றி ஒரு சொல். வணிகர் மாதந்தோறும் வங்கிக்குத் தரும் சரக்கு இருப்பு அறிக்கை, சர்வேயரின் கையிலும் சான்றாக மாறும். கடன் வரம்புக்காக அதில் சரக்கை உயர்த்திக் காட்டியவர், காப்பீட்டில் அதே சரக்கைக் குறைத்துக் காட்டியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ஒரே உண்மையை இரண்டிடத்திலும் எழுதி வருபவருக்கு அந்நாளில் அச்சமில்லை. கணக்குப் புத்தகங்களே நீரில் போய்விடும் வாய்ப்பு இருப்பதால், பாலிசியின் நகல், பில்கள், பட்டியல் ஆகியவற்றை மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ வைத்திருப்பது நலம்.

சேதமான பொருளுக்கு எஞ்சிய மதிப்பு ஏதேனும் இருந்தால் அது இழப்பீட்டில் கழிக்கப்படும். நனைந்த துணியைத் தள்ளுபடியில் விற்க முடியும் எனில், அவ்விலை கழிந்தே தொகை வரும். இதில் அநீதி இல்லை; காப்பீட்டின் நோக்கம் இழப்பை ஈடுசெய்வதே, இலாபம் தருவதன்று.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் 155255 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியிலும் முறையிடலாம். ஒரு மாதத்துக்குள் நிறைவான விடை வராவிடில் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனை அணுகலாம். தனிநபர்கள், தனியுரிமை வணிகர்கள், குறுந்தொழில் நிறுவனங்கள் 50 லட்சம் ரூபாய் வரையிலான பிணக்குகளை அங்கே கொண்டுசெல்ல முடியும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. நிறுவனம் மறுத்ததிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். தெலங்கானா, ஆந்திர மாநிலங்களுக்கான அலுவலகம் ஐதராபாத்தில் உள்ளது, தமிழ்நாட்டுக்கானது சென்னையில்.

வாசகர் கேட்கக்கூடிய சில வினாக்கள்

மூன்றாம் தளத்தில் குடியிருக்கிறோம். எங்களுக்கு வெள்ளக் காப்பீடு ஏன்?
நீர் மேலே ஏறாது என்பது சரியே. ஆயினும் அடித்தளம், மின்தூக்கி, மின்பலகை, நீரேற்றி ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றைச் சீர்செய்யும் செலவு எல்லோர் மீதும் விழும். சங்கம் அவற்றைக் காப்பீடு செய்துள்ளதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். மேலும் இதே பாலிசி தீ, நிலநடுக்கம் ஆகியவற்றுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

கார் நீரில் மூழ்கினால் வீட்டுப் பாலிசி உதவுமா?
உதவாது. வாகனத்தின் சொந்தச் சேதத்தையும் அடக்கும் மோட்டார் பாலிசி இருக்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் இழப்பீடு இல்லை. நீரில் நின்ற வண்டியை இயக்க முயன்று எஞ்சினுக்குள் நீர் புகுந்து பழுதானால், அதற்கென எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பிரிவு இல்லாதவர்களுக்குக் கோரிக்கை மறுக்கப்படலாம். நீர் சூழ்ந்த வண்டியை இயக்காமல் இழுத்துச் செல்வதே முறை.

வெள்ளத்துக்குப் பின் வங்கி தவணையைத் தள்ளிவைக்குமே. பிறகு காப்பீடு எதற்கு?
இயற்கைப் பேரிடர் பாதித்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கடனைச் சீரமைக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. ஆனால் சீரமைப்பு என்பது கால நீட்டிப்பே, கடன் குறைவதில்லை. அழிந்த சரக்குக்கான பழைய கடனும், புதிய சரக்குக்கான புதிய கடனும் ஒரே கடையின் வருமானத்திலிருந்தே திரும்ப வேண்டும். இந்த இரட்டைச் சுமையைத் தவிர்ப்பதற்கே காப்பீடு.

நிறைவாக

மூசியின் வெள்ளத்துக்குப் பின் நீர்த்தேக்கங்கள் எழ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய பணிகள் காலம் கொள்பவை. ஒரு குடும்பமும் ஒரு கடையும் தமக்காகச் செய்துகொள்ளக்கூடிய பணிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பாலிசியை வெளியே எடுங்கள். எது, எங்கே, எவ்வளவு, எதுவரை என்று நான்கு வரிகளையும் படியுங்கள். ஏதேனும் பொருந்தவில்லை எனில், மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தையோ நம் கிளையையோ அணுகுங்கள். பாலிசியில் ஒரு முகவரியைத் திருத்துவது இன்று ஒரு கடித அளவு வேலை. வெள்ளம் வடிந்த பின் அந்தத் திருத்தத்தை யாராலும் செய்ய இயலாது.